ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காதது ஏன்?

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா?" என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அரிசி களைந்து, உலை வைத்து, சோறு வெந்து, கஞ்சி வடித்து முடியும் வரை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்த பிறகு இரண்டு நிமிடம் காத்திருக்க முடியாமல் வாயைச் சுட்டுக்கொள்கிறார். அவசரக்காரரைக் கண்டிக்கவே இந்தச் சொல்லை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால் சற்று நின்று யோசித்தால் இதற்குள் ஓர் உண்மையான புதிர் இருப்பது தெரியும். பொறுமை என்பது ஒருவரிடம் இவ்வளவு, இன்னொருவரிடம் அவ்வளவு என்று அளந்து வைக்கப்பட்ட குணமாக இருந்தால், ஒரு மணி நேரத்தைத் தாங்கியவருக்கு இரண்டு நிமிடம் ஒரு பொருட்டாகவே இருக்கக் கூடாது. அப்படி இல்லை என்பதைப் பழமொழி சொன்னவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி இல்லை என்பதை உளவியலும் பொருளியலும் கடந்த நூறாண்டுக்குள்தான் சோதனைகளால் ஆராயத் தொடங்கின.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று வரையறுத்துக்கொள்வோம். பொறுமை என்ற சொல்லுக்குத் தமிழில் பரந்த பொருள் உண்டு. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பிறர் செய்த பிழையை மன்னிப்பதும் பொறுத்தல்தான், பேருந்துக்குக் காத்து நிற்பதும் பொறுத்தல்தான். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது அதன் ஒரு பகுதியை மட்டுமே. இப்போது கிடைக்கும் சிறிய நன்மையையும் பிறகு கிடைக்கும் பெரிய நன்மையையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் என்ன நடக்கிறது என்பதே அந்தப் பகுதி. இன்றிரவு படிப்பதா, தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்துக்கொள்வதா. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பதா, செலவழிப்பதா. மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியை இன்று தொடங்குவதா, திங்கட்கிழமை தொடங்குவதா என்பவை எல்லாம் இந்த வகைக் கேள்விகள். செலவு ஒரு நாளில் விழுகிறது, பயன் வேறொரு நாளில் விழுகிறது என்பதே இவற்றின் பொதுத்தன்மை.

எளிய கேள்வி ஒன்றிலிருந்து தொடங்கலாம். உங்களுக்கு இன்று 1,000 ரூபாய் தருகிறேன், அல்லது ஒரு மாதம் கழித்து 1,100 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எதை எடுப்பீர்கள்? பலர் இன்றைய 1,000 ரூபாயை எடுத்துக்கொள்வார்கள். இப்போது கேள்வியைச் சற்று மாற்றுவோம். 12 மாதம் கழித்து 1,000 ரூபாய், அல்லது 13 மாதம் கழித்து 1,100 ரூபாய். இப்போது அதே மனிதர்களில் பலர், "ஓராண்டு காத்திருப்பவனுக்கு இன்னும் ஒரு மாதம் என்ன?" என்று பெரிய தொகையைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு கேள்விகளிலும் கூடுதல் தொகை அதே 100 ரூபாய்தான், கூடுதல் காத்திருப்பும் அதே ஒரு மாதம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவரை 12 மாதம் கழித்துச் சந்தித்து மீண்டும் கேட்டால், அவர் முன் நிற்பது முதல் கேள்வியேதான். அப்போது அவர் 1,000 ரூபாயை உடனே கொடுங்கள் என்று கேட்கக்கூடும். புதிய தகவல் எதுவும் வரவில்லை, நாட்கள் மட்டுமே நகர்ந்திருக்கின்றன, முடிவு தலைகீழாகிவிட்டது.

இந்தத் தலைகீழ் மாற்றம் பழைய பொருளியல் கோட்பாட்டுக்குப் பெரிய சிக்கலாக அமைந்தது. 1937ஆம் ஆண்டில் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, மனிதர்கள் எதிர்கால நன்மைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு சீரான கணக்கு முறையை முன்வைத்தது. ஒவ்வொரு காலப்பகுதி தள்ளிப்போகும்போதும் நன்மையின் மதிப்பு ஒரே விகிதத்தில் குறைகிறது என்பது அதன் சாரம். கூட்டு வட்டியைப் பின்னோக்கி ஓட்டியது போன்றது இது. இந்த முறைப்படி நடக்கும் ஒருவர் அவசரக்காரராக இருக்கலாம், நிதானமானவராகவும் இருக்கலாம். ஆனால் தன் முடிவை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டார். ஏனெனில் இரண்டு நன்மைகளையும் 12 மாதம் பின்னுக்குத் தள்ளினால் இரண்டின் மதிப்பும் ஒரே அளவில்தான் சுருங்கும். எது பெரியது என்ற விடை மாறாது. மனிதர்கள் உண்மையிலேயே இப்படித்தான் நடக்கிறார்கள் என்று சாமுவேல்சன் உறுதி கூறவில்லை. ஆயினும் கணக்குக்கு வசதியாக இருந்ததால், பின்வந்தவர்கள் அதை மனித இயல்பின் சித்திரமாகவே நெடுங்காலம் கையாண்டார்கள்.

சோதனைகள் காட்டிய சித்திரம் வேறு. மதிப்பு சீராகச் சுருங்குவதில்லை. தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெல்ல மெல்லச் சாய்கிறது. இன்றைக்கும் நாளைக்கும் இடையிலான ஒரு நாள் மனத்துக்கு மிகப் பெரிது. 300ஆம் நாளுக்கும் 301ஆம் நாளுக்கும் இடையிலான ஒரு நாள் ஒன்றுமே இல்லை. இதைக் கணக்காக எழுத ஓர் எளிய வழி உண்டு. தொகையை, ஒன்றோடு காத்திருக்கும் மாதங்களின் ஒரு பங்கைக் கூட்டிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு அந்தப் பங்கு மாதத்துக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து வரும் 1,100 ரூபாயை 1.2ஆல் வகுத்தால், அது இன்று அவர் மனத்தில் ஏறத்தாழ 917 ரூபாயாகத் தோன்றும். ஆகவே கையில் கிடைக்கும் 1,000 ரூபாய் வெல்கிறது. 12 மாதம் கழித்து வரும் 1,000 ரூபாயை 3.4ஆல் வகுத்தால் 294 ரூபாய். 13 மாதம் கழித்து வரும் 1,100 ரூபாயை 3.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 306 ரூபாய். இப்போது பெரிய தொகை வெல்கிறது. மனிதர் ஒருவரே, அவருடைய அளவுகோலும் ஒன்றே, ஆனாலும் முடிவு புரள்கிறது. அளவுகோலின் வடிவத்திலேயே அந்தப் புரளல் அடங்கியிருக்கிறது. ஆக்கப் பொறுத்தவருக்கும் நடப்பது இதுவே. அடுப்படியில் வெகு தொலைவில் இருந்த சோறு, இலைக்கு வந்துவிட்ட அந்தக் கணத்தில், மதிப்புச் சரிவின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிடுகிறது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த வடிவத்தைத் தெளிவாகக் காட்டியது. பரிசாக விழுந்த 15 டாலரை இப்போதே பெறாமல் காத்திருப்பதானால் எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டார். பதில்களின் நடுமதிப்பு, ஒரு மாதம் காத்திருக்க 20 டாலர், ஓராண்டுக்கு 50 டாலர், பத்தாண்டுக்கு 100 டாலர் என்று வந்தது. இவற்றை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் முறையே 345, 120, 19 விழுக்காடு ஆகும். ஒரே மனிதர் அருகிலுள்ள மாதத்துக்குக் கந்துவட்டிக்காரரைப் போலவும், தொலைவிலுள்ள பத்தாண்டுக்கு வங்கி மேலாளரைப் போலவும் கணக்குப் போடுகிறார். இந்த இயல்பை நிகழ்காலச் சாய்வு என்று அழைக்கலாம். 1997ஆம் ஆண்டில் டேவிட் லெய்ப்சன் இதைப் பொருளியல் கணக்குகளில் எளிதாகப் பொருத்தும் வழியைக் காட்டிய பிறகு, சேமிப்பு, கடன், ஓய்வூதியம் பற்றிய ஆராய்ச்சிகளில் அது நிலையான இடம் பெற்றுவிட்டது.

இது மனிதர்களின் தனிக்குறையும் அன்று. உளமருத்துவர் ஜார்ஜ் எய்ன்ஸ்லி 1974ஆம் ஆண்டில் புறாக்களைக் கொண்டு செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. சிவப்பாக ஒளிரும் பொத்தானைக் கொத்தினால் உடனே சிறிது தீனி; கொத்தாமல் சில நொடிகள் இருந்துவிட்டால் அதிகத் தீனி. புறாக்கள் ஏறக்குறைய எப்போதும் கொத்திவிட்டன. ஆனால் சிவப்பு ஒளிர்வதற்குச் சற்று முன்பே இன்னொரு வாய்ப்பும் தரப்பட்டது. அப்போது பொத்தான் வேறு நிறத்தில் ஒளிரும். அதைக் கொத்தினால் சிவப்பு ஒளி வரவே வராது, ஆசைக்கு ஆட்படும் வாய்ப்பே நீங்கிவிடும். சில புறாக்கள் அதைக் கொத்தக் கற்றுக்கொண்டன. சிவப்பைப் பார்த்தபின் தங்களைக் கட்டுப்படுத்த முடியாத அதே பறவைகள், பார்ப்பதற்கு முன்பே அதை வரவிடாமல் செய்துகொண்டன. தள்ளி நிற்கும்போது தெளிவாகத் தெரிவது, கிட்டே வந்தால் தெரியாமல் போகிறது என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த சோதனை, குழந்தைகளை இனிப்பின் முன் உட்கார வைத்ததுதான். அதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை பாதி தவறானது என்பதால், இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் மழலையர் பள்ளியில், உளவியலாளர் வால்டர் மிஷெலும் அவருடைய மாணவர்களும் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்தச் சோதனைகளை நடத்தினார்கள். குழந்தையிடம் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இதைவிட நல்லது கிடைக்கும், முடியாவிட்டால் மணியை அடித்து என்னைக் கூப்பிடலாம், ஆனால் சிறியதுதான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். அதிகபட்சக் காத்திருப்பு பெரும்பாலும் 15 நிமிடம். மார்ஷ்மெல்லோ என்ற, பஞ்சு போல மென்மையான மிட்டாயின் பெயராலேயே இது புகழ்பெற்றிருந்தாலும், பிஸ்கட்டும் ப்ரெட்சல் என்ற உப்புத் தின்பண்டமும்கூடப் பயன்படுத்தப்பட்டன.

எந்தக் குழந்தை பொறுமைசாலி என்று தரம் பிரிப்பதற்காக மிஷெல் இதைத் தொடங்கவில்லை என்பதே மறக்கப்பட்டுவிட்ட செய்தி. எந்தச் சூழலில் காத்திருப்பது எளிதாகிறது என்பதே அவருடைய கேள்வி. 1970ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, இரண்டு தின்பண்டங்களும் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். இரண்டையும் மறைத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். ஒரே வயது, ஒரே பள்ளி, ஒரே பரிசு. ஒரு மூடி மட்டுமே வேறுபாடு. பின்வந்த சோதனைகளில், எதிரே இருக்கும் மிட்டாயை வெண்மேகமாக நினைத்துக்கொள் என்று சொல்லப்பட்ட குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். அதன் சுவையை நினைத்துக்கொள் என்று சொல்லப்பட்டவர்கள் விரைவில் மணியை அடித்துவிட்டார்கள். யாரும் சொல்லித்தராமலே சில குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாடினார்கள், தூங்கவும் முயன்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டுவது இங்கே வெல்லவில்லை. கவனத்தை வேறிடத்துக்குத் திருப்பத் தெரிந்ததுதான் வென்றது.

பிறகு வந்த செய்திதான் உலகைச் சுற்றியது. அந்தக் குழந்தைகளில் சிலரை வளர்ந்தபின் தேடிப் பிடித்து 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அதிக நேரம் காத்திருந்தவர்கள் பின்னாளில் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றிருந்ததாகக் கூறியது. மிகச் சிலரின் மதிப்பெண்களை வைத்துச் சொல்லப்பட்டது அது. அவர்களில் பலர் ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். தின்பண்டம் கண்ணெதிரே இருந்து, வழிமுறை எதுவும் சொல்லித்தரப்படாத நிலையில் காத்திருந்த குழந்தைகளிடம் மட்டுமே அந்தத் தொடர்பு தெரிந்தது. இந்த நுணுக்கங்கள் எல்லாம் உதிர்ந்துபோய், நான்கு வயதில் மிட்டாயைத் தின்னாத குழந்தை வாழ்க்கையில் வெல்லும் என்ற ஒற்றை வரி மட்டும் எஞ்சியது. மேடைப் பேச்சுகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அந்த வரி சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. ஒரு நாலு வயதுக் குழந்தையின் எதிர்காலத்தை ஒரு தட்டின் முன் வைத்துத் தீர்ப்பெழுதுவது கொடுமையான செயல்.

2018ஆம் ஆண்டில் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை எடுத்து இதே கேள்வியை மீண்டும் ஆராய்ந்தார்கள். இவர்கள் பல தரப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கல்லூரிப் பட்டம் பெறாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆய்வில் முதன்மை தரப்பட்டது. காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. குடும்பச் சூழலையும் குழந்தையின் தொடக்ககாலத் திறன்களையும் கணக்கில் கொண்டபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அதாவது, குழந்தையின் மன உறுதி என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி அந்தக் குழந்தை வளர்ந்த வீட்டின் நிலையைத்தான் காட்டியிருக்கிறது.

வீட்டின் நிலை எந்த வழியாகக் குழந்தையின் கைக்கு வருகிறது? ஒரு வழியைச் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவினரும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை காட்டியது. மூன்று முதல் ஐந்து வயதுள்ள 28 குழந்தைகளுக்கு முதலில் படம் வரையும் வேலை தரப்பட்டது. மேசையில் இருந்தவை பழைய வண்ணக் குச்சிகள். சற்றுக் காத்திருந்தால் புதியவற்றைக் கொண்டுவருகிறேன் என்று ஆய்வாளர் சொல்லிச் சென்றார். ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பாதியிடம் வெறுங்கையோடு திரும்பி, மன்னித்துக்கொள், இருக்கிறது என்று தவறாக நினைத்துவிட்டேன் என்றார். இதே போல இன்னொரு முறையும் நடந்தது. அதற்குப் பிறகே மிட்டாய் வைக்கப்பட்டது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் 15 நிமிடம் முழுவதும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு குழந்தை காத்திருந்தது. சராசரிக் காத்திருப்பு முறையே 12 நிமிடமும் 3 நிமிடமும்.

இந்தச் சோதனையை அறிந்த பிறகு பொறுமை பற்றிய என் எண்ணம் முழுவதுமாக மாறியது. ஏமாற்றப்பட்ட குழந்தை மணியை அடித்தது பலவீனத்தால் அன்று. தனக்குக் கிடைத்த அனுபவத்தை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டதால். "நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல்" என்று நம் பழமொழி ஒன்று கூறுவதும் இதே கணக்குதான். நாளை வரும் என்று சொன்னது வராமலே போய்ப் பழகிய இடத்தில், காத்திருப்பது நற்குணமாகாது, அது நட்டம். சொன்ன தேதியில் கூலி வராத வேலையில் இருப்பவரும், எந்த மாதம் நோய் வந்து சேமிப்பைக் கரைக்கும் என்று தெரியாமல் வாழ்பவரும், கையில் இருப்பதை இன்றே பயன்படுத்திக்கொள்வதைப் பார்த்து, திட்டமிடத் தெரியாதவர்கள் என்று வசதியாக வாழ்பவர்கள் சொல்லும்போது, இரண்டு தரப்பினருக்கும் எதிர்காலம் ஒரே அளவு உறுதியானது என்ற தவறான எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது என்பது எந்த உழவருக்கும் தெரியும். அதைத் தின்ன நேர்ந்தவரிடம் அறிவு குறைந்திருக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் வேறு நெல் இருந்திருக்காது.

பழக்கமும் சேர்ந்தே வேலை செய்கிறது. கேமரூன் நாட்டில் என்சோ என்ற உழவர் சமூகத்தின் நான்கு வயதுக் குழந்தைகளையும் ஜெர்மனியின் நகர்ப்புறக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், என்சோ குழந்தைகளில் சுமார் 70 விழுக்காட்டினர் இறுதிவரை காத்திருந்தார்கள். ஜெர்மன் குழந்தைகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே காத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட நுட்பமானது. ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்கு நெடுநேரம் காத்திருந்தார்கள், பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்க அவ்வளவு காத்திருக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைகளிடம் இது நேர்மாறாக இருந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகே உண்ணத் தொடங்கும் வழக்கம் ஓரிடத்தில், குறித்த நாள் வரை பரிசைப் பிரிக்காமல் வைக்கும் வழக்கம் இன்னோரிடத்தில். அன்றாடம் எதற்குக் காத்திருந்து பழகினோமோ அதற்குப் பொறுமை வருகிறது.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஏட்டில் படிக்காமலே நம் ஊர்களில் பலர் மாதந்தோறும் கணக்கிடுகிறார்கள். ஏலச்சீட்டு அப்படிப்பட்ட ஏற்பாடு. 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் மகளின் திருமணத்துக்குப் பணம் தேவைப்படும் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 75,000 ரூபாய். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 ரூபாய் போக மீதி 20,000 ரூபாய் எல்லோருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,000 ரூபாய் கட்டினால் போதும் என்றாகிறது. இப்போதே வேண்டும் என்பவர் தரும் விலை, காத்திருப்பவர்களுக்குக் கூலியாகப் போய்ச் சேருகிறது. முதல் மாதங்களில் தள்ளு அதிகமாக இருக்கும், கடைசி மாதங்களில் போட்டி குறைந்து தள்ளும் குறையும். ஒரு தெருவில் உள்ளவர்களின் காலக் கணக்கு அந்த எண்களில் அப்படியே தெரியும். ஒருவருடைய தள்ளு அதிகமாக இருப்பதை வைத்து அவரைப் பொறுமையற்றவர் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. அவர் வீட்டில் என்ன தேவை என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

சீட்டின் இன்னொரு பயன், அது தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் கயிறாகவும் இருப்பது. நிகழ்காலச் சாய்வு உள்ளவர்களிலும் இரண்டு வகையினர் உண்டு என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். ஒரு வகையினர், அடுத்த மாதம் நிச்சயம் சேமிப்பேன் என்று ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே நம்புகிறார்கள். மற்ற வகையினர், அடுத்த மாதமும் தன்னால் முடியாது என்பதை இன்றே அறிந்து, இன்றே ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். எய்ன்ஸ்லியின் சில புறாக்கள் இரண்டாம் வகை. இப்படிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை முன்கட்டுப்பாடு எனலாம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தானாவோ தீவில் நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகிய மூவரும் ஓர் ஊரக வங்கியோடு சேர்ந்து நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. குறித்த தேதி வரும்வரையோ குறித்த தொகை சேரும்வரையோ எடுக்கவே முடியாத ஒரு சேமிப்புக் கணக்கு 710 வாடிக்கையாளர்களுக்கு வழங்க முன்வரப்பட்டது. சாதாரணக் கணக்கைவிட ஒரு காசு கூட வட்டி அதிகம் இல்லை. கூடுதலாகக் கிடைத்தது பூட்டு மட்டுமே. ஆயினும் 202 பேர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில், இந்த வாய்ப்பு அளிக்கப்பட்டவர்களின் சேமிப்பு, அளிக்கப்படாதவர்களின் சேமிப்போடு ஒப்பிட 80 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. முன்பு நாம் பார்த்த இரண்டு கேள்விகளைப் போன்றவற்றுக்கு முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொன்ன பெண்களே இந்தப் பூட்டை அதிகம் விரும்பினார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. தங்கள் மனம் எங்கே சறுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏற்பாட்டைச் சரியான நாளில் வைப்பதும் பூட்டுக்கு இணையான பலன் தரும். மேற்குக் கென்யாவில் மக்காச்சோளம் பயிரிடும் சிறு உழவர்களிடம் உரம் வாங்குவீர்களா என்று கேட்டால் வாங்குவோம் என்பார்கள். பருவம் வரும்போது வாங்கியிருக்க மாட்டார்கள். அறுவடையின்போது கையில் பணம் இருக்கிறது, உரம் தேவையில்லை. உரம் தேவைப்படும்போது பணம் இல்லை. எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் க்ரெமர், ஜொனாதன் ராபின்சன் ஆகியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அறுவடை முடிந்த கையோடு உழவர்களின் வீட்டுக்கே சென்று, உரத்துக்கான சீட்டை அப்போதே விற்று, தேவையான பருவத்தில் கட்டணமின்றி உரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. பருவத்தில் தரப்படும் பெரிய விலைக் குறைப்புக்கு ஈடான பலனை இந்தச் சிறிய சலுகையே தந்தது. அமெரிக்காவில் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இதே எண்ணத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்காமல், இனி வரப்போகும் சம்பள உயர்வில் ஒரு பங்கு தானாக ஓய்வூதியச் சேமிப்புக்குப் போகட்டும் என்று தொழிலாளர்களிடம் இன்றே ஒப்புதல் வாங்கினார்கள். முதலில் இதைச் செயல்படுத்திய நிறுவனத்தில், இந்தத் திட்டம் முன்வைக்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். 40 மாதங்களில் அவர்களுடைய சேமிப்பு விகிதம் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. தொலைவில் உள்ளதைப் பற்றி முடிவெடுக்கும்போது எல்லோருமே பொறுமைசாலிகள் என்ற இயல்பு இங்கே பயன்படுத்திக்கொள்ளப்பட்டிருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் முழுமையாகாது. காத்திருப்பது எப்போதும் சரி என்று இந்த ஆராய்ச்சி எங்கும் கூறவில்லை. நல்ல பட்டுப்புடவையை நல்ல நாளுக்கென்று பீரோவில் வைத்து, மடிப்பிலேயே இற்றுப்போக விட்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். சுசான் ஷுவும் உரி நீஸியும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பேக்கரிப் பரிசுச் சீட்டுகளைப் பெற்றவர்களில் நீண்ட அவகாசம் கிடைத்தவர்கள் குறைந்த அவகாசம் கிடைத்தவர்களைவிட மிகக் குறைவாகவே அவற்றைப் பயன்படுத்தினார்கள்; நேரம் இருக்கிறது என்ற எண்ணமே நாளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. இன்பத்தையும் நாம் தள்ளிப்போடுகிறோம், அதுவும் பொறுமை என்ற பெயரில்.

என் அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இருந்தது. பணம் போட்டால் வட்டி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் தெருவில் நடந்த சீட்டில்தான் பணம் கட்டி வந்தார். படித்த பெருமையில் ஒரு முறை இரண்டையும் கணக்குப் போட்டு, வங்கியே மேல் என்று அவரிடம் காட்டினேன். கணக்கை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ சொல்றது சரிதான்டா. ஆனா பேங்க்ல போட்டா நானே போய் எடுத்துடுவேன். இங்க அஞ்சாம் தேதி ஆச்சுன்னா எதிர் வீட்டு அக்கா வாசல்ல வந்து நிப்பாங்க." என் தாளில் வட்டி விகிதத்துக்கு இடம் இருந்தது, அந்த அக்காவுக்கு இடம் இல்லை.